குலுக்கிய கையை விடாதவர்

குலுக்கிய கையை உடனே விடத் தெரியாத ஒரு வகை மனிதர் உண்டு. நீங்களும் நானும் என்றால் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு அவரவர் கையை அவரவர் எடுத்துக்கொள்வோம். இவர் அப்படியில்லை. எதிராளியின் கையைப் பிடித்தபடியே முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, படம் எடுப்பவர் நிற்க வேண்டிய திசையைப் பார்த்துப் புன்னகைத்து, அந்தப் புன்னகை உலரும்வரை அசையாமல் நிற்பார். படம் எடுப்பவர் அங்கே நின்றாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. காலையில் மனைவி தேநீர்க் கோப்பையை நீட்டினால், அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறைச் சுவரைப் பார்த்துச் சிரிப்பார். "சீக்கிரம் வாங்குங்க, கை சுடுது" என்று அந்த அம்மாள் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த இனம் எல்லா அலுவலகங்களிலும் பரவியிருக்கிறது என்றாலும், அது கொழுத்து வளர்வது வெளியுறவு அமைச்சகத்தின் ஒத்துழைப்புப் பிரிவில்தான். நம்முடையவர் அங்கே இணைச் செயலாளர். வளரும் நாடு ஒன்று இன்னொரு வளரும் நாட்டுக்குக் கைகொடுப்பதை ஏற்பாடு செய்வது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குப் 'பாலம்' என்று பெயர். எந்த மேடையில் ஏறினாலும் இரு நாடுகளுக்கும் இடையே ஒரு பாலத்தைக் கட்டிவிட்டுத்தான் உட்காருவார். இதுவரை நாற்பத்தோரு பாலங்கள். ஒன்றிலும் ஒரு சைக்கிள்கூடப் போனதில்லை.

இல்லாதவர் இல்லாதவருக்கு எதைக் கொடுப்பார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாலம் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. கொடுப்பது என்றால் ஒரு பொருள் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போவது என்று நாம் எண்ணுகிறோம். அவர் கணக்கில் அது இரண்டு பேர் ஒரே மேசையில் இரண்டு பேனாக்களோடு உட்காருவது. கையெழுத்துப் போட்டபின் பேனாக்களை மாற்றிக்கொண்டால் அது ஆழ்ந்த நட்பு.

நட்பு நாட்டிலும் இதே பதவியில் ஒருவர் இருந்தார். அவரும் கையை விடாதவர். இருவரும் முதன்முறை சந்தித்தபோது கையை எடுக்கும் யோசனை இருவருக்குமே வராததால், மதிய உணவு இடதுகையால் நடந்ததாகச் சொல்வார்கள்.

அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் எல்லாம் தொடங்கியது. "உங்ககிட்ட ரொம்பச் சிறப்பா இருக்கிறது எது?" என்று நட்பு நாட்டுக்காரர் கேட்டார். பாலம் யோசித்தார். அவர் வீட்டுக்குத் தண்ணீர் வரும் நீரேற்று நிலையத்தில் ஒரு பம்ப் முப்பது வருடமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிற மெக்கானிக் அவருடைய மனைவியின் தம்பி. "எங்ககிட்ட பம்ப் நிபுணர் இருக்கார்" என்றார். நட்பு நாட்டுக்காரரின் கண்கள் பனித்தன. "ஆச்சரியமா இருக்கு. எங்ககிட்டயும் ஒரு பம்ப் நிபுணர்தான் இருக்கார்."

வேறு இருவராக இருந்தால், அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைக் கவனித்திருப்பார்கள். இவர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். நம் மெக்கானிக் அங்கே போவார், அவர்கள் மெக்கானிக் இங்கே வருவார், ஒரு வருடத்துக்கு. அதன் பெயர் பரஸ்பர நிபுணத்துவப் பரிமாற்றம்.

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "அத்தான், வீட்டுல அவளுக்கு ஏழாம் மாசம். பதினாலு வருஷம் கழிச்சு இப்பத்தான்..."

"குழந்தை எங்க போயிடப் போகுது? நீ திரும்பி வர்றப்ப இங்கயேதான் இருக்கும். நீ இப்ப மெக்கானிக் இல்லப்பா. இரண்டு நாட்டுக்கும் நடுவுல நீ ஒரு..."

"பாலமா, அத்தான்?"

"அதேதான்."

மெக்கானிக் போனார். அவர்கள் மெக்கானிக் வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். வந்த அன்றே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு பம்பைச் சுற்றி வந்தார். பிறகு இன்னொரு முறை சுற்றினார். பிறகு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த பம்ப் எப்போதோ பம்பாக இருப்பதை விட்டிருந்தது. அதில் தேய்ந்த ஒவ்வொரு பாகத்துக்கும் பதிலாக நம் மெக்கானிக் கைக்குக் கிடைத்ததை வைத்திருந்தார்: சைக்கிள் டியூப், கதவுத் தாழ்ப்பாள், ஒரு சாப்பாட்டுக் கரண்டி. பதினெட்டு வருடப் பழுதுபார்ப்பில் அந்த இயந்திரத்துக்குள் இயந்திரம் குறைந்து, அவர் கூடிப்போயிருந்தார். ஆளைப் பிரித்து அனுப்பியபோது உண்மையில் பம்பில் பாதியைப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். நான்காம் நாள் அது நின்றது. அதே வாரம் நட்பு நாட்டில், ஒரு குடைக்கம்பியின் தயவில் ஓடிக்கொண்டிருந்த அவர்களுடைய பம்பும் நின்றது.

இரண்டு நாட்டிலும் தெருக்களில் குடங்கள் வரிசையில் நின்றன. இரண்டு பாலங்களும் ஒருவருக்கொருவர் வாழ்த்துக் கடிதம் அனுப்பிக்கொண்டார்கள்.

பாலத்தின் மனைவி தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடுவதை இரண்டு மாதம் பொறுத்தார். மூன்றாம் மாதம் கைபேசியை எடுத்துக்கொண்டு நேராக நீரேற்று நிலையத்துக்குப் போய்த் தம்பியை வீடியோவில் கூப்பிட்டார். "தம்பி, இந்தா பாரு, இந்தக் கரண்டி ஆடுது. என்ன செய்யணும் சொல்லு."

"இடது பக்கம் தட்டணும்கா. ஆனா கோபமாத் தட்டினா கேக்காது. முதல்ல..."

அதற்குள் பாலம் மூச்சிரைக்க ஓடிவந்து கைபேசியை மூடினார். "என்ன காரியம் செஞ்ச? இது முறைப்படி அனுமதி இல்லாத தொழில்நுட்பப் பரிமாற்றம்."

"அவன் என் தம்பிங்க."

"ஒப்பந்தப்படி இந்த வருஷம் அவன் அவங்களோட நிபுணர். அவங்க நிபுணர்கிட்ட நாம இலவசமா ஆலோசனை கேட்டா நம்ம மரியாதை என்ன ஆகும்?"

"குளிக்காம இருக்கிறதுல என்ன மரியாதைங்க இருக்கு?"

பாலம் வழக்கமாகச் செய்வதையே செய்தார்: மனைவியின் கையைக் குலுக்கிச் சுவரைப் பார்த்தார்.

இதற்கிடையில் குழந்தை பிறந்தது, பெண். நான்கு மாதம் ஆனதும் மெக்கானிக்கின் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அமைச்சகத்துக்கே வந்தார். "அண்ணா, அவரை வரச் சொல்லுங்க. இவ முகத்தை அவர் இன்னும் நேர்ல பார்க்கல."

"திரும்ப அழைக்கிறதா?" பாலத்தின் முகம் வெளுத்தது. "ஒரு நாடு தன் ஆளைத் திரும்ப அழைக்குதுன்னா என்ன அர்த்தம் தெரியுமாம்மா? அடுத்தது போர்."

"ஒரு மெக்கானிக்குக்காகவா?"

"முதல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்க. அப்புறம் தூதரைக் கூப்பிடுவாங்க."

ஆனால் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த இனத்தாருக்கு இரக்கம் உண்டு. அது ஒரு கோப்பு வழியாக வர வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரம் இரண்டு பாலங்களும் பேசினார்கள். பரிமாற்றத்தின் இரண்டாம் கட்டம் பிறந்தது. இதன்படி ஒவ்வொரு நாடும், தன் மண்ணில் இப்போது இருப்பவர்களிலேயே அந்தப் பக்கத்து பம்பை மிக நன்றாக அறிந்த நிபுணரை அந்தப் பக்கத்துக்கு அனுப்பிவைக்கும். நட்பு நாட்டு மண்ணில் நம் பம்பை நன்றாக அறிந்தவர் யார்? தேர்வுக் குழு மூன்று முறை கூடி, ஒருமனதாக நம் மெக்கானிக்கைத் தேர்ந்தெடுத்தது.

இப்படியாக நம் மெக்கானிக், நட்பு நாட்டின் நிபுணராக நம் நாட்டுக்கு வந்து இறங்கினார்.

விமான நிலையத்தில் பூங்கொத்து கொடுக்க அவருடைய அக்காவையே நிறுத்தியிருந்தார்கள். "அக்கா, வீட்டுக்குப் போலாமா?" என்றார் மெக்கானிக்.

"வெளிநாட்டு நிபுணர் அரசு விருந்தினர் மாளிகையிலதான் தங்கணும்" என்றார் பாலம். "எங்கள் நாடு எப்படி இருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"அத்தான், எனக்கு இது..."

"பத்திரிகைக்காரங்க காத்திருக்காங்க."

"நல்லா இருக்கு" என்றார் மெக்கானிக். "கொஞ்சம் நாறுது. தண்ணி வரல போல."

மறுநாள் மாலை நான்கு மணிக்கு, விருந்தினர் மாளிகையின் வரவேற்பு அறையில், வெளிநாட்டு நிபுணரை உள்ளூர்க் குழந்தை ஒன்று மரியாதை நிமித்தமாகச் சந்திக்க அனுமதி கிடைத்தது. பதினைந்து நிமிடம். மெக்கானிக் ஒரு சோபாவில், மனைவியும் குழந்தையும் எதிர்ச் சோபாவில், நடுவே மேசையில் இரண்டு சின்னக் கொடிகள். முதல் ஐந்து நிமிடம் மெக்கானிக் மகளின் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதுக்கு மேல் எண்ண முடியாமல் கண்ணீர் மறைத்தது. திரும்ப முதலிலிருந்து எண்ணினார். ஆறாவது நிமிடம் குழந்தை எட்டி நட்பு நாட்டுக் கொடியை எடுத்து வாயில் வைத்துச் சப்பியது.

அறை உறைந்தது. பாலம் இதற்கு முன் பல நெருக்கடிகளைக் கண்டவர். ஒரு கணம்தான் தயங்கினார். பாய்ந்து நம் நாட்டுக் கொடியை எடுத்துக் குழந்தையின் மற்றக் கையில் திணித்தார். குழந்தை இரண்டையும் மாறி மாறிச் சப்பியது. சமநிலை காக்கப்பட்டது. அந்தப் படம் இன்றும் அமைச்சகத்தின் நுழைவாயிலில் தொங்குகிறது.

அடுத்த நாள் காலை மெக்கானிக் நீரேற்று நிலையத்துக்குப் போனார். குடும்பம், அமைச்சகம், தெரு மொத்தமும் வாசலில் நின்றது. உள்ளே போய் பம்பின் இடது பக்கத்தைத் தட்டினார், கோபமில்லாமல். கரண்டியைக் கால் சுற்று திருப்பினார். அது இருமியது, செருமியது, ஓடியது. மொத்தம் நான்கு நிமிடம். குழாய்களில் முதலில் காற்று வந்தது, பிறகு துரு, பிறகு தண்ணீர். மெக்கானிக் கையைக் கழுவிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கித் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"எங்க போறீங்க?" என்று பாலம் குறுக்கே நின்றார்.

"வீட்டுக்கு."

"மாளிகை அந்தப் பக்கம். நீங்க நட்பு நாட்டோட பொறுப்பு. தனியார் வீட்டுல தங்கினா அவங்க என்ன நினைப்பாங்க? ஒப்பந்தத்துல அதுக்கு இடமே இல்ல."

மெக்கானிக் நின்றார். பதினெட்டு வருடம் ஒரு பழைய இயந்திரத்தோடு பேசிப் பழகியவர் அவர். இந்த இயந்திரத்தையும் எங்கே தட்ட வேண்டும் என்று ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கோபமில்லாமல் சொன்னார்.

"சரி அத்தான். அப்ப என் வீட்டையே நட்பு நாட்டு விருந்தினர் மாளிகைன்னு எழுதி இன்னொரு ஒப்பந்தம் போட்டுடுங்க."

பாலத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. "மூன்றாம் கட்டம்" என்று முணுமுணுத்தார். "திறப்பு விழா வைக்கலாமா?"

"வையுங்க."

"பெயர்ப்பலகை?"

"ரெண்டு வையுங்க."

மெக்கானிக்கின் மனைவி இடையில் கேட்டார்: "அண்ணா, இவர் எத்தனை நாளைக்கு எங்க வீட்டுல தங்குவார்?"

"ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும்மா. மூணு வருஷம்."

"மறக்காமப் புதுப்பிச்சுடுங்க."

அடுத்த வாரமே நட்பு நாட்டிலும் மூன்றாம் கட்டம் கையெழுத்தானது. இரண்டாம் கட்டத்தில் நம் நாட்டின் நிபுணராகத் தன் ஊருக்குப் பறந்திருந்த அந்த மெலிந்த மனிதரும், தன் வீட்டுக்கே விருந்தாளியாகப் போய்ச் சேர்ந்தார். இன்று இரண்டு நாடுகளிலும் ஒரு மெக்கானிக் தன் சொந்த வீட்டில், அடுத்த நாட்டின் விருந்தினராகத் தங்கி, தன் சொந்த பம்பை ஓட்டிக்கொண்டிருக்கிறார். வாசலில் இரண்டு கொடி. வாரம் ஒருமுறை மெக்கானிக்கின் மனைவி, விருந்தினருக்கு வசதி எல்லாம் திருப்தியா என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார். இரண்டு ஊரிலும் தண்ணீர் வருகிறது. இதைவிட வெற்றி பெற்ற ஒத்துழைப்பை எந்தக் கோப்பிலும் காண முடியாது. இதைக் கற்றுக்கொள்ள மூன்றாவது நாடு ஒன்று குழு அனுப்பப்போவதாகக் கேள்வி. அந்த நாட்டிலும் ஒரு பம்ப் இருக்கிறதாம். இப்போதைக்கு ஓடுகிறதாம்.

யோசித்துப் பார்த்தால் பாலம் கெட்டது என்று எதுவும் செய்யவில்லை. இருந்தது இருந்த இடத்துக்கே திரும்பி வந்தது. நடுவில் ஒரு குழந்தையின் முதல் சில மாதங்களும் ஒரு ஊரின் சில குளியல்களும் போயின. இதற்கு மேல் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

நீங்கள் அமைச்சகத்தில் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருக்கட்டும். போன மாதம் உங்கள் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் கொடுத்த சுவர்க்கடிகாரம் யார் உங்களுக்குக் கொடுத்தது? பிரித்தாவது பார்த்தீர்களா? சரி, அதையும் விடுங்கள். அந்தப் பெட்டியைக் கொடுத்தபோது அவர்கள் வாங்கிக்கொண்ட பிறகும் அதன் மறு ஓரம் சற்று நேரம் உங்கள் கையிலேயே இருந்ததே, அப்போது நீங்கள் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?