ஓட்டை அட்டையில் தெரிந்த மோட்டார்

பன்னிரண்டு வருஷமாகச் சென்றாயன் பென்னாகரம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இது பேச்சுக்குச் சொல்வதல்ல. அவன் குடியிருக்கும் தர்மபுரிக்குப் பென்னாகரம் மேற்கே இருக்கிறது. கல்யாணமான வாரமே அவன் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டான். தலை கிழக்கே, கால் மேற்கே. காலை நீட்டினால் மச்சான் முனிராஜின் முகத்துக்கு நேராக நீட்டிய மாதிரி இருக்கும். அந்தத் திருப்தியில் நல்ல தூக்கம் வரும்.

காரணம் சின்னதல்ல. "மாப்பிள்ளையை மோட்டாரில் அழைத்து வருகிறேன்" என்று முனிராஜ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். இருபத்தேழாம் வருஷத்தில் இந்தத் தாலுகாவில் மோட்டாரில் போன மாப்பிள்ளை யார்? மோட்டாரும் வந்தது. கண்ணை மறைக்கிற அளவுக்கு மாலை போட்டு, குருடனை ஏற்றுவதுபோல் கையைப் பிடித்து ஏற்றினார்கள். முன்னால் முனிராஜே ஓட்டினான். பஸ்ஸில் க்ளீனராக இருந்தவன், ஸ்டியரிங்கைக் கண்டால் விடமாட்டான்.

இண்டூர் தாண்டி ஒரு மைல் போனதும் பெட்ரோல் தீர்ந்தது. முகூர்த்தத்துக்கு நேரமில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். மாப்பிள்ளையும் தள்ளினான். ஒன்றரை மைல். மாலையில் இருந்த பூவெல்லாம் ரோட்டில். எதிரே வந்த பஸ்காரன் ஒரு டின் பெட்ரோல் கொடுக்கிற வரைக்கும் முனிராஜ் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. இறங்காதது போகட்டும். திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான்.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க மாப்பிள்ளை, மேடு வருது!"

இதை ஒரு மனிதன் மறக்க வேண்டுமாம். எப்படி மறப்பது? கல்யாணப் போட்டோக்கள் வந்தபோது சென்றாயன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அப்படியே பென்னாகரத்துக்குத் திருப்பி அனுப்பினான். "தகர டப்பாவைக் கொண்டாந்து என்னை ஏமாத்திட்டான்" என்று மட்டும் தினம் ஒரு தடவை சொல்லுவான். பல் விளக்குவது மாதிரி அது அவனுக்கு ஒரு காலை வேலை.

இனி எவனும் தன்னை மோட்டார் விஷயத்தில் ஏமாற்றக்கூடாது என்று அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டான். பஜாரில் வீட்டை ஒட்டியே அவனுக்கு மளிகைக் கடை. பொட்டலம் மடிக்கப் பெங்களூரிலிருந்து பழைய இங்கிலீஷ் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக வரும். அதில் மோட்டார் படம் இருக்கும். சென்றாயன் படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டினான். அவனுக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டு லூர்துமேரி மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் பேரையும் வருஷத்தையும் படித்துச் சொல்லுவாள். ஒரு தடவை கேட்டால் போதும். ஆயுசுக்கும் மறக்க மாட்டான். மறக்காமல் இருப்பதுதான் அவனுக்குப் பிறவிக் குணமாயிற்றே.

பன்னிரண்டு வருஷத்தில் பதினோரு நோட்டு நிரம்பியது. முழுப் படம் காட்டினால் அவனுக்குக் கேவலம். நடுவில் வெற்றிலை அளவுக்கு ஓட்டை போட்ட அட்டை ஒன்று வைத்திருந்தான். படத்தை அதால் மூட வேண்டும். ஓட்டையில் ஒரு விளக்கோ, சக்கரத்துக் கம்பியோ தெரிந்தால் போதும்.

"ஹட்சன். இருபத்தாறு."

பஸ் டிரைவர் மல்லையன் ஒரு தடவை வெறும் கதவுக் கைப்பிடியைக் காட்டினான்.

"ஓவர்லாண்ட். கைப்பிடி வளைஞ்சிருக்குது பாரு. இருபத்து மூணுக்கு அப்புறம் நேராப் பண்ணிட்டான்."

"அண்ணே, நீ பொறந்ததே மோட்டார் கொட்டாய்லயா?"

"பேச்சை விடு. அடுத்த படம் எடு."

இப்படி அவன் பெயர் பாலக்கோடு வரைக்கும் பரவியிருந்த சமயத்தில், ஒரு வைகாசி மாதம், பென்னாகரத்திலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. முனிராஜ் புது வீடு கட்டிவிட்டான். கிரகப்பிரவேசம்.

தீர்த்தம்மாள் பத்திரிகையைத் தட்டில் வைத்துப் புருஷன் முன்னால் நீட்டினாள்.

"என்னாங்க, ஒரே ஒரு தடவை வாங்க."

"டப்பாக்காரன் வூட்டுக்கா? நானா?"

"எங்க வூட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? புது வூட்டுல மொதப் பாலைக் கூடப்பொறந்தவளும் அவ புருஷனும் ஒரே அகப்பையைப் பிடிச்சுக் கிண்டணும். நான் தனியாப் போனா அகப்பையைத் தொட முடியாது."

"தொடாதே. பால் தானாப் பொங்கும்."

"எங்க அண்ணியோட தங்கச்சி பாஞ்சாலியும் அவ புருஷனும் கிண்டுவாங்களாம். நான் தூணைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா? எங்கப்பன் வூட்டு மண்ணுல?"

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. சென்றாயனுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அதற்காக ஒன்றரை மைல் சின்னதாகிவிடுமா? "முடியாது" என்று சொல்லிவிட்டு நோட்டை விரித்துக்கொண்டான்.

தீர்த்தம்மாள் மூக்கைச் சிந்தினாள். நோட்டைப் பார்த்தாள்.

"சரிங்க. ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா?"

"என்ன பந்தயம்?"

"வர்ற ஞாயித்துக்கெழமை நான் ஒரு படம் காட்டறேன். அட்டை போட்டுத்தான். பேரு தெரியலேன்னா நீங்க பென்னாகரம் வரணும்."

"தெரிஞ்சா?"

"எங்க அண்ணன் பேச்சையே இந்த வூட்டுல எடுக்கல."

சென்றாயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோட்டாருக்கும் மாட்டு வண்டிக்கும் வித்தியாசம் தெரியாதவள் தன்னை மடக்கப் போகிறாளாம்!

"அப்படிச் சும்மா சொன்னா ஆச்சா? நாளைக்கே மறுபடி ஆரம்பிப்பே. கட்டு திட்டம் வேணும். அவன் பேச்சை யார் எடுத்தாலும் சரி, எதிர்த்தாப்ல இருக்கற பிள்ளையார் முன்னாடி நூத்தியெட்டுத் தோப்புக்கரணம். சந்தை நாள்ல. சம்மதமா?"

"யார் எடுத்தாலுமா?"

"யார் எடுத்தாலும்!"

"டீச்சரம்மா சாட்சி" என்றாள் தீர்த்தம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை லூர்துமேரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தீர்த்தம்மாள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்தாள். எடுக்கும்போதே அட்டை மூடியிருந்தது. ஓட்டையில் தெரிந்தது மோட்டாரின் மூக்கு நுனி. அதன்மேல் உலோகத்தில் வார்த்த, தலைக்கவசம் போட்ட ஒரு பெண்ணின் தலை.

சென்றாயன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான்.

"ஏ தீர்த்தா! இது எங்க கெடைச்சுது?"

"அது அப்புறம். பேரு சொல்லுங்க."

"மினர்வா! பெல்ஜியம் தேசத்து வண்டி. என் பதினோரு நோட்டுலயும் இது ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அதுவும் ஒரு மகாராஜாவோடது. டீச்சரம்மா, ஆறாம் நோட்டை எடுத்துப் பாருங்க!"

லூர்துமேரி எடுத்துப் பார்த்தாள். அதே தலை. அதே கவசம். "சரிதாங்க" என்றாள்.

"பார்த்தியா? ஜெயிச்சேன்!"

"ஜெயிச்சீங்க" என்று தீர்த்தம்மாள் தலையாட்டினாள். "அப்போ இது பெரிய வண்டியாங்க?"

"பெரிய வண்டியாவா? சேலம் ஜில்லாவையே சல்லடை போட்டாலும் ஒண்ணு கெடைக்காது."

"இதுல ஒருத்தரை ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போனா, அது மரியாதைங்களா?"

"அதைவிட மரியாதை ஏதுடி? கலெக்டருக்குக்கூடக் கெடைக்காது. ஏழு தலைமுறைக்குச் சொல்லிக்கலாம்."

"நடுவழியில நின்னுட்டா?"

"நின்னா என்ன? மினர்வாவைத் தள்ளறதுக்குக்கூடக் குடுத்து வெச்சிருக்கணும்!"

தீர்த்தம்மாள் அட்டையை எடுத்தாள்.

மோட்டார் முழுசாகத் தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முனிராஜ் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். வண்டிக்குப் பின்னால், கூட்டத்துக்கு நடுவில், தலைப்பாகை சரிந்து, பாதிப் பூ உதிர்ந்த மாலையோடு, கன்னத்தை வண்டியின்மேல் அழுத்திக்கொண்டு ஒரு மாப்பிள்ளை குனிந்திருந்தான்.

சென்றாயனுக்கு அந்த மாப்பிள்ளையை அடையாளம் கண்டுபிடிக்க அட்டை எதுவும் தேவைப்படவில்லை.

"இது... அந்த டப்பாவா?"

"நீங்க அன்னிக்கு அதோட முதுகை மட்டுந்தானே பார்த்தீங்க" என்றாள் தீர்த்தம்மாள். "போட்டோக்காரர் முன்னாடி ஓடிப்போய் எடுத்தாரு. உறையைப் பிரிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

லூர்துமேரி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சென்றாயன் படத்தைக் கையில் வாங்கினான். பத்து நிமிஷம் பார்த்தான். மினர்வா. திறந்த வண்டி. தான் உட்கார்ந்து போயிருக்கிறான். கன்னத்தை வைத்து அழுத்தியிருக்கிறான். பன்னிரண்டு வருஷமாக ஒருவனிடமும் சொல்லிக்கொள்ளாமல் இருந்திருக்கிறான்!

"எப்படியோ, பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்" என்றான், குரல் கொஞ்சம் இறங்கி.

"ஆமாங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க. இனி அந்தப் பேச்சே இல்ல" என்று படத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலை. கொல்லைப்புறத்தில் தீர்த்தம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த லூர்துமேரியோடு பேசிக்கொண்டிருந்தாள். சென்றாயன் காதில் விழுகிற அளவுக்குத்தான்.

"இன்னும் கொட்டாய்லதான் நிக்குதாம் டீச்சரம்மா. உள்ள கோழி முட்டை வெச்சிருக்குதாம். பழைய இரும்பு வாங்கறவன் அடுத்த வாரம் வர்றானாம்."

சென்றாயன் வாயில் பல்பொடியோடு ஓடி வந்தான்.

"எது நிக்குது?"

"நேத்துப் பார்த்தீங்களே, அதுதாங்க."

"மினர்வாவா? எங்க நிக்குது? யார் கொட்டாய்ல?"

தீர்த்தம்மாள் சாம்பல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதைச் சொல்லணும்னா ஒரு பேரை எடுக்கணுங்க. நான் மாட்டேன். நூத்தியெட்டு. எனக்கு முட்டிவலி வேற."

இரண்டு நாள் சென்றாயன் கடையில் உட்கார்ந்து புளி கேட்டவருக்கு மிளகாய் கொடுத்தான். கண்ணை மூடினால் பெல்ஜியம் தேசத்துத் தோல் மெத்தை. அதன்மேல் பென்னாகரத்துக் கோழி. இரும்புக்காரன் சுத்தியலோடு வருகிறான். கவசம் போட்ட அந்தப் பெண்ணின் தலையில் ஒரு போடு போடுகிறான். சென்றாயனுக்கு வியர்த்துவிடும்.

வீட்டில் சுற்றி வளைத்துப் பார்த்தான்.

"தீர்த்தா, மேற்கால பக்கம் யாரோ வூடு கட்டியிருக்காங்களாமே?"

"யாருங்க?"

"அதான்... உனக்கு வேண்டப்பட்டவங்க."

"எனக்கு வேண்டப்பட்டவங்க நெறையப் பேரு. பேரைச் சொல்லுங்க."

சந்தை நாள் வந்தது. இண்டூரிலிருந்து நிலக்கடலை மூட்டை, மலையிலிருந்து சாமை, தேன், கூட்டம் நெரிகிறது. அத்தனை பேருக்கும் நடுவில் சென்றாயன் கடையை விட்டு இறங்கிப் பிள்ளையார் முன்னால் போய் நின்றான். வீட்டு வாசலில் நின்ற தீர்த்தம்மாளைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"உங்க அண்ணன் முனிராஜ் வூட்டுக்குப் போலாமாடி?"

கத்திவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டான். லூர்துமேரி எண்ணினாள். பள்ளிக்கூடத்தில் எண்ணிப் பழகிய குரல், ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை. அறுபதில் வேட்டி நழுவியது. எண்பதில் மல்லையன் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பயணிகளோடு இறங்கி வந்தான். "இன்னும் இருபத்தெட்டுதான் அண்ணே!" என்று உற்சாகப்படுத்தினான். நூற்றெட்டு முடிந்தபோது சென்றாயனால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கினார்கள்.

"நீங்களாப் பிரியப்பட்டுக் கூப்பிடறீங்க. மாட்டேன்னா சொல்லப் போறேன்?" என்றாள் தீர்த்தம்மாள். அவள் துணிமணியெல்லாம் முந்தின நாளே மூட்டை கட்டியாயிற்று.

பென்னாகரத்தில் முனிராஜ் மேளத்தோடு எதிரே வந்தான். மாலை போட்டான். "மாப்பிள்ளை, பன்னெண்டு வருஷம் ஆச்சே!" என்று கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். சென்றாயன் அவன் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டிக் கொட்டாயைத் தேடினான். அதற்குள் நேரமாகிவிட்டது என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். புது வீடு. புது அடுப்பு. புதுப் பானையில் பால் நுரைத்து வருகிறது. சுற்றிலும் சொந்தக்காரர்கள். ஓரமாகப் பாஞ்சாலி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். தீர்த்தம்மாள் தலை நிறையக் கனகாம்பரத்தோடு அகப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைச் சென்றாயன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் முகத்தை மாலை மறைத்திருந்தது.

அவன் மெதுவாக முனிராஜின் காதோரம் குனிந்தான்.

"மச்சான், அந்தக் காரு எங்க?"

"எந்தக் காரு?"

"கொட்டாய்ல நிக்குதே. மினர்வா. கோழி முட்டை வெச்சிருக்குதாமே."

"கொட்டாய்ல எருமையில்ல நிக்குது?" முனிராஜ் விழித்தான். "உங்க கல்யாணக் காரைக் கேக்கறீங்களா? அது பெங்களூர் சாவுகாரோடதுங்க மாப்பிள்ளை. ஒகேனக்கல் பார்க்க வந்தவரு மலைப்பாதையில கார் இறங்காதுன்னு எங்கிட்ட விட்டுட்டு மாட்டு வண்டியில போனாரு. அவர் வர்றதுக்குள்ள உங்களைக் கூட்டியாந்துடலாம்னு எடுத்தேன். நீங்க தாலி கட்டறதுக்கு முன்னாடியே ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரே! தங்கச்சிதான் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு நின்னா."

சென்றாயன் தீர்த்தம்மாளைத் திரும்பிப் பார்த்தான்.

"பால் பொங்குதுங்க. எல்லாரும் பார்க்கறாங்க" என்று அவள் அகப்பையை அவன் பக்கம் நீட்டினாள்.

சென்றாயன் பிடித்துக்கொண்டான்.