போகிற வழிதானே!

சனி, ஞாயிறோடு திங்களும் விடுமுறையாகச் சேர்ந்துகொண்டால், மயிலாப்பூர், மந்தைவெளி வட்டாரத்தில் ஓர் இனம் வெளியே வரும். வாடகை வேனின் முன்சீட்டில் இதைக் காணலாம். மடியில் மஞ்சள் பை. பைக்குள் கற்பூரம், கைமணி, நேற்றைய பிரசாதம். கழுத்தை இடமும் வலமுமாகத் திருப்பி வானத்து ஓரத்தில் கோபுரம் தேடிக்கொண்டே வரும். நீங்கள் ஊட்டிக்குக் கிளம்பினாலும் சரி, துக்கம் விசாரிக்கக் கிளம்பினாலும் சரி, எங்கோ ஒரு கலசம் மின்னியதும் டிரைவரின் தோளைத் தட்டும். "போற வழிதானே!"

இதுதான் 'வழிதானே மாமா'. எங்கள் மந்தைவெளி ஃபிளாட்டுக்கு வாய்த்தவர் அனந்தராமன். வங்கியில் அதிகாரி, ஃபிளாட் சங்கத்தில் செயலாளர், வேனில் சர்வாதிகாரி.

காட்டில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கலாம் என்ற யோசனை அவருடையது அல்ல. அது மாடிவீட்டு டோரதி டீச்சருடையது. சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் வருஷக்கணக்காக விலங்கியல் நடத்துகிறவர். சுவரில் தொங்கும் படத்தில் கரடியைக் குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறாரே தவிர, நடுவில் கம்பி இல்லாமல் ஒரு காட்டு மிருகத்தைப் பார்த்ததில்லை. அதற்காகவே பர்மா பஜாரில் பைனாகுலர் வாங்கினார். ஆந்திரா பக்கம் தலக்கோனா காட்டுக்குப் போக வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே ஓடைக்கரையில் உட்கார வேண்டும். ஏதாவது வரும், பேசாமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

"பேஷா போயிடலாம் டீச்சர்!" என்றார் அனந்தராமன். இந்த இனத்தின் அபாயமே இதுதான். எதையும் மறுக்காது.

விடிவதற்குள் கிளம்பினோம். ஊத்துக்கோட்டை தாண்டியதும் சுருட்டப்பள்ளியில் படுத்திருக்கும் சிவனை எழுப்பாமல் கும்பிட்டு, நாகலாபுரத்தில் பெருமாளைச் சேவித்து, நாராயணவனத்தில் நடை சாத்தியிருக்க, 'வந்தது வந்தோம்' என்று அது திறக்கும்வரை வேனுக்குள் வெந்து, திறந்ததும் உள்ளே போய், வெளியே வந்து, செருப்பைத் தேடி, வேனில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த கோபுரம். தோளில் தட்டு.

டிரைவர் குலாம் முகம்மது வண்டியை ஓரம் கட்டினார். "இன்னா சார், வழின்றே? மெயின் ரோட்லேர்ந்து பன்னெண்டு கிலோமீட்டர் உள்ள கீது!"

"உள்ள போயிட்டு அதே வழியாத்தானேப்பா திரும்பி வரப்போறோம்? அப்போ அது வழிதானே?"

குலாம் வண்டியை உள்ளே திருப்பினார்.

பாரபட்சம் பார்க்கிறவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு கிராமத்து மாதா கோயிலைப் பார்த்ததும் டீச்சரின் கணவர் பிலிப்பை இறக்கிவிட்டார்.

"பூட்டியிருக்கு சார்."

"பரவாயில்லை, வாசல்லேர்ந்தே கும்பிட்டுடுங்கோ. கணக்குல வந்துடும். குலாம், உனக்கும் ஒரு தர்கா பாத்து வெச்சிருக்கேன்."

"வோணாம் சார். நீங்க கோயிலுக்குப் போற நேரத்துல நான் தூங்கிக்கினு கீறேன். எனக்கு அதுவே புண்ணியம்."

டோரதி டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், வெளிச்சம் போயிடும்."

"அஞ்சே நிமிஷம் டீச்சர். காடு எங்க ஓடிடப் போறது?"

காடு ஓடவில்லை. சூரியன்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது மலைக்குப் பின்னால் பாதி இறங்கிவிட்டது. கூடாரத்தில் எது தலை, எது கால் என்று ஆண்கள் சர்ச்சை செய்துகொண்டிருக்க, டீச்சர் ஓடைக்கரைப் பாறைக்கு ஏறக்குறைய ஓடினார். அனந்தராமன் விடுவாரா? "மொதல்ல பிரசாதம்!" என்று எல்லோரையும் அங்கேயே வரவழைத்து, சர்க்கரைப் பொங்கல் தொன்னைகளைப் பாறையில் பரப்பினார்.

நெய் வாசனை காட்டுக்குள் போயிற்று. புதர் விலகியது. சுருட்டி வைத்த கறுப்புக் கம்பளிக்குத் திடீரென்று கால் முளைத்ததுபோல் ஒரு கரடி.

"ஏன்னா... ஏன்னா... அங்க பாருங்கோ!" என்று குழறினாள் சூடாமணி, அனந்தராமனின் மனைவி.

டீச்சர் உதட்டில் விரல் வைத்து எங்களை அடக்கினார். பைனாகுலரை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். அது தேவைப்படாத தூரம்.

அப்போதுதான் அனந்தராமனுக்கு அருள் வந்தது. "ஜாம்பவான்! சாட்சாத் ஜாம்பவான்! எல்லாரும் கண்ணை மூடிண்டு சேவிச்சுக்கோங்கோ!"

மூடினோம் ஐயா! பிலிப் சிலுவை போட்டுக்கொண்டு மூடினார். வேனிலேயே இருந்துவிட்ட குலாம் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூடினார். டீச்சர் மட்டும் மூடவில்லை. அதனால் அது குழந்தைபோல் சப்பணமிட்டு உட்கார்ந்ததும், நீள நகங்களால் தொன்னையை இழுத்து உறிஞ்சியதும், நெஞ்சில் வெள்ளைக் கோடு தெரிய நிமிர்ந்து அவரையே பார்த்ததும் பிற்பாடு அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எங்களுக்குக் கேட்டதெல்லாம் கைமணி. கணகணவென்று அனந்தராமன் அடித்த அடியில் ஜாம்பவான் த்ரேதா யுகத்துக்கே ஓடிவிட்டார்.

கண் திறந்தோம். காலித் தொன்னை. ஆடும் புதர்.

"ஏன் சார் மணியடிச்சீங்க?" டீச்சர் புதரைப் பார்த்தபடியே கேட்டார். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்குமே!"

"அதான் தரிசனம் ஆயிடுத்தே!"

"காலைலயாவது இங்க உக்காரலாமா சார்? திரும்ப வந்தாலும் வரும்."

"இங்க என்ன இருக்கு டீச்சர்? வெறும் காடு!"

மறுநாள் இருட்டோடு வேன் கிளம்பியது. இன்னொரு கோயில். வழிதானே!

ஊர் திரும்பியபின் கரடி வளர்ந்தது. ஃபிளாட் மாடிப்படியில் அது ஆறடி ஆயிற்று. அனந்தராமனைப் பார்த்துக் கைகூப்பியது. கீழ்வீட்டு நீரஜா வாய் பிளந்து கேட்டுவிட்டு, "டீச்சர், நீங்களும் பாத்தீங்களா?" என்றாள்.

டீச்சர் வாய் திறப்பதற்குள் பதில் வந்தது. "அவா எங்க பாத்தா? நான் சேவிக்கச் சொல்லியும் அப்படியே பிரமை பிடிச்சு உக்காந்துட்டா, பாவம்!"

டீச்சர் சிரித்தார். "ஆமா நீரஜா, நான் சேவிக்கல. அதுவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு மாடி ஏறினார். அனந்தராமன் காதில் விழவில்லை. அடுத்த விடுமுறைக்கு வேன் பேசப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் கோயில் பக்கமே போகாதவராகவும் இருக்கலாம்; அருவி, அணை, காட்சி முனை என்று சுற்றுகிறவராக இருக்கலாம். போன விடுமுறைக்கு எங்கோ போய் வந்தீர்களே, அங்கே என்ன பார்த்தீர்கள்? அவசரமில்லை, ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள், போதும்.

அட, எத்தனை இடம் என்றா கேட்டேன்? விரலை ஏன் மடக்குகிறீர்கள்?