ஸ்ரான் பாஸும் குளியலறைச் சுவரும்

"ஜெகதீஸ்வரி, வாளியை மெல்ல வையுமப்பா. பாஸ் வாசிக்கிறார்" என்றார் நாகேந்திரம்.

"கஸற்றை நிப்பாட்டிப்போட்டு ஒரு நல்ல பாஸைப் பிடியுங்கோ. மேசன் வேலை உங்களுக்குச் சரிவராது."

மேசனை அந்த ஊரில் 'பாஸ்' என்றுதான் சொல்வார்கள். மனைவி சொன்னது நியாயம்தான். குளியலறைச் சுவருக்குள் ஓடிய குழாய் மூன்று நாளாக ஒழுகியது. ஒழுகிய தண்ணீர் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரி மெற்றில்டா அம்மாவின் சோபாவில் சொட்டியது. ஞாயிறு ஐந்து மணிக்கு வந்து பார்ப்பேன், சுவர் திருந்தாவிட்டால் வேறு வீடு பாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். சண்டைக்காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வேறு வீடு கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? கிடைத்தாலும் பொலிஸ் பதிவிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவேண்டும்.

நாகேந்திரம் வெடிப்பில் சவர்க்காரத்தை நசித்து அடைத்தார். சோபாவில் நுரை சொட்டியது. சீமெந்து அப்பினார். தண்ணீர் வேறு வழி தேடிப் படுக்கையறைக்கு வந்தது. மனம் வெறுத்துப்போய், கொட்டாஞ்சேனையில் வாங்கிய அந்த ஜாஸ் கஸற்றை மறுபடி போட்டார்.

அட்டையில் படமில்லை. ஸ்ரான் என்ற பெயரும் பாஸ் கிட்டார் என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தச் சொல்லைப் 'பேஸ்' என்று வாசிக்கவேண்டும் என்று அவருக்குச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஆனால் கேட்கத் தெரிந்த மனிதர். மற்றப் பாட்டுகளில் அந்தக் கிட்டார் கலியாண வீட்டுச் சமையற்காரன் மாதிரிப் பின்னால் நின்று எல்லாரையும் தாங்கும், முகம் தெரியாது. இதிலோ அதுதான் முன்னுக்கு வந்து, அடித்தொண்டையில், ஆறுதலாகக் கதை சொன்னது. பியானோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மரியாதையாக ஒதுங்கியது. ஒரு சுரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஸ்ரான் விட்ட இடைவெளியில் நாகேந்திரத்துக்குக் கண் கலங்கியது. வெளியே சோதனைச் சாவடியும் சந்தேகமுமாக இருந்த ஊரில், ஒருவன் இவ்வளவு நிதானமாக இருக்கிறானே என்று ஆசையாக இருந்தது.

கிருலப்பனையிலிருந்த நண்பர் சவுந்தரநாயகத்துக்கு உடனே ரெலிபோன் எடுத்தார்.

"ஐசே, இப்பிடி ஒரு பாஸை நான் காணேல்லை. அவசரமில்லை, ஒரு இடத்திலயும் பிசகில்லை. உமக்கும் வேணுமெண்டால் கொட்டாஞ்சேனைக் கஸற் கடையில கேளும்."

ஜெகதீஸ்வரி வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை கோயிலுக்கென்று போனவள் மத்தியானம் ஓர் ஆளோடு வந்தாள். "பாஸைப் பிடிச்சிட்டன். நீங்கள் சொன்ன ஆள்தான்."

தான் யாரையும் சொன்னதாக நாகேந்திரத்துக்கு நினைவில்லை. கேட்டால் கதை வளரும் என்று ஆளைக் குளியலறைக்குக் கூட்டிப்போனார்.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு. சுவரில் இரண்டு விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"என்ன பார்க்கிறீர்?"

"சத்தம் நல்லாயிருக்கு, ஐயா."

ஜெகதீஸ்வரி நீட்டிய, சீமெந்து பூசும் சாந்தகப்பையால் ஒருதரம் குத்தினார். பூச்சு ஒரு பாளமாக விழுந்தது. இன்னொருதரம் குத்தினார். குழாய் வெடித்து நாகேந்திரத்தின் கண்ணாடியை நனைத்தது. தண்ணீரைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால், ஆள் சீமெந்தை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தார். பூசப் பூச அது உதிர்ந்தது. மணி நாலேமுக்கால்.

நாகேந்திரத்துக்குப் பொறுமை போய்விட்டது. கஸற் ரெக்கோடரைக் கொண்டுவந்து குளியலறை வாசலில் வைத்தார்.

"இதைக் கேளும். இவரும் பாஸ்தான், நீரும் பாஸ்தான். இந்த மனிசன் தொட்ட இடம் ஏதாவது உதிருதோ? செய்யிற தொழிலில ஒரு பக்தி வேண்டாமோ?"

"ஓம் ஐயா" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. "மூண்டாவது பாட்டில மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டிட்டார்."

"அவரிலை குற்றம் பிடிக்க நீர் ஆர்?"

அதற்குள் மெற்றில்டா அம்மா படியேறி வந்துவிட்டார். பொத்தலான சுவரைப் பார்த்து வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார். பாட்டு முடிகிற வரைக்கும் அவர் அசையவில்லை.

"நாகேந்திரம், வீட்டைவிட்டு ஒருத்தரும் போகவேண்டாம். சுவரை நாளைக்கு என்ரை ஆளைக் கொண்டு கட்டுவிக்கிறன்" என்றார் அவர், குரல் தணிந்து. "உந்தக் கஸற்றை எனக்கு ரெண்டு நாளைக்குத் தாங்கோ. ஆர் உது வாசிக்கிறது?"

"அமெரிக்காவில ஸ்ரான் எண்டு ஒருத்தர், அம்மா. கடவுள் மாதிரி."

வெள்ளைச் சேட்டுக்காரர் சாந்தகப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"ஸ்ரான் எண்டது கொட்டாஞ்சேனை ஸ்ரனிஸ்லாஸ், நான்தான் ஐயா, நான் நிக்கிற கஸற் கடைக்கு வந்து 'எங்கட ஐயா புகழுற பாஸ் நீங்களோ' எண்டு இந்த அம்மா கேட்டா, ஓம் எண்டு சொன்னன், இஞ்ச வந்தவுடன கையில சாந்தகப்பையைத் தந்தா, என்னை இவ்வளவு மதிக்கிற வீட்டில மாட்டன் எண்டு சொல்ல மனம் வரேல்லை."