இரண்டாயிரத்து ஐம்பத்தைந்தில் திறக்கும் கழிப்பறை

தொலைநோக்குத் திட்டக்காரர் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். முப்பது வருடத்துக்கு அப்பால் நடக்கப்போவதெல்லாம் இவருக்கு அத்துப்படி. நடைபாதையில் பெயர்ந்து நிற்கும் கல் மட்டும், தடுக்கி விழுந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் குர்ராபின் நகரில் இந்த இனத்தின் அசல் மாதிரி ரஸ்ஸல் ஹாட்ஜ்கின். நகரசபையில் நகர மையப் புத்துயிர்ப்பு அதிகாரி. ஒரு கையில் காபி, மறு கையில் சுருட்டிய வரைபடம், முகத்தில் எதிர்காலம். நடையில் மட்டும் அவசரமே இருக்காது. முப்பது வருடத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு என்ன அவசரம்?

அந்த வரைபடத்தை அவர் விரிக்கிற அழகைப் பார்க்கவேண்டுமே! அதில் எங்கள் கடைத்தெரு இருக்கும். ஜக்கரண்டா மரங்கள் பன்னிரண்டு மாதமும் பூத்திருக்கும். நடப்பவர்கள் எல்லோரும் ஒல்லியாக, நாற்பது வயதைத் தாண்டாமல், ஆளுக்கொரு சைக்கிளும் நாலு பேருக்கொரு நாயுமாகச் சிரித்துக்கொண்டே போவார்கள். ஒரு ஈ கூட இருக்காது. குர்ராபினில் ஈ இல்லாத தெருவைப் படத்தில்தான் பார்க்கமுடியும்.

அந்தத் தெருவில்தான் நோலா பிரிட்சர்டின் கம்பளி நூல் கடை. எதிரே பொதுக் கழிப்பறை. வியாழக்கிழமைதோறும் பள்ளத்தாக்கிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் குலுங்கி வருகிற பஸ்ஸில் வயதான அம்மாமார்கள் வந்து இறங்குவார்கள். முதலில் கழிப்பறை, அடுத்தது நோலா, அப்புறம் தேநீர். நோலாவின் வாரமே அந்த ஒரு நாளில்தான் ஓடியது. நாலு வருடத்துக்கு முன் கழிப்பறையில் ஒரு குழாய் உடைந்தது. அரை நாள் வேலை. ஆனால் அது திட்ட வரைபடத்தின் நீலக்கோட்டு எல்லைக்குள் இருந்ததே! திட்டம் முடிவாகும்வரை கோட்டுக்குள் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது ரஸ்ஸலின் சட்டம். பூட்டுப் போட்டு, 'உங்கள் எதிர்காலத்தை உருவாக்குகிறோம்' என்று பலகையும் மாட்டிவிட்டார். அம்மாமார்கள் அடுத்த வாரமே நெடுஞ்சாலை மாலில் போய் இறங்க ஆரம்பித்தார்கள். அங்கே நல்ல கழிப்பறை இருக்கிறது; நூலும் விற்கிறார்கள்.

பிறகு வந்தது கருத்துக்கேட்புக் கூட்டம். ஊர் மண்டபத்தில் தேநீர், தேங்காய்த்துருவல் தூவிய லாமிங்டன் கேக், சுவர் நெடுகப் பலகைகள். துடிப்பு, அடையாளம், இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வந்தவர்களுக்குத் தலைக்கு மூன்று பச்சைப் பொட்டு. பிடித்த பலகையில் ஒட்டிவிட்டுப் போகவேண்டும். நோலா பொட்டுகளோடு இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து நின்றாள்.

"ஏப்பா ரஸ்ஸல், கக்கூஸுக்கு எந்தப் பலகைப்பா?"

"அருமையான கேள்வி, நோலா! அதை நாங்க மனித வசதி அனுபவம்னு சொல்றோம். மூணாவது கட்டத்துல வருது."

"அது எப்போ?"

"ரெண்டாயிரத்து நாப்பத்தொண்ணுல ஆரம்பிச்சு, அம்பத்தஞ்சுல திறந்துடுவோம்."

"அதுவரைக்கும் எல்லாரும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கணுமாக்கும்?"

மண்டபமே சிரித்தது. ரஸ்ஸலும் சிரித்தார், 'சமூகத்தின் ஆர்வம்' என்று குறித்துக்கொண்டார்.

"என் தங்கச்சி பையன் குழாய் வேலைதான் பாக்கறான். சும்மாவே செஞ்சு தர்றேங்கிறான்பா. சாவியை மட்டும் குடு."

ரஸ்ஸல் பதறிவிட்டார். "ஐயையோ, வேணாங்க! இப்ப சரி பண்ணிட்டா, நல்லாத்தானே இருக்கு, இதை எதுக்கு மாத்தணும்னு கேட்ருவாங்க. மூணாவது கட்டமே படுத்துடும்!"

"அப்ப என் கடை படுத்தாப் பரவாயில்லையா? இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது, பாத்துக்க."

"என்ன இப்படிச் சொல்லிட்டீங்க! உங்க கடைதாங்க இந்தத் திட்டத்தோட இதயமே."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பொய்யில்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் இந்த இனத்தோடு மல்லுக்கட்டுவதில் உள்ள கஷ்டம். நோலா மண்டபத்தை விட்டு வெளியே வந்தாள். தெருவைக் கடந்து போய் மூன்று பொட்டையும் கழிப்பறைப் பூட்டின் மேல் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஆகஸ்டில், பூமியின் எங்கள் தென்பாதியில் கம்பளி நூல் விற்கிற நடுக்குளிரிலேயே, கடை மூடியது. காலி இடத்தை நகரசபை வாடகைக்கு எடுத்துத் திட்டக் காட்சியகமாக்கியது. பெரிய படத்தில் நோலாவின் கடை ஜோராக இருந்தது. வாசலில் நூல் பையோடு இரண்டு பெண்கள்கூட. திறப்பு விழாவில் ரஸ்ஸல் ஒரு மணி நேரம் விளக்கினார், மூன்று காபி குடித்தார். பிறகு திடீரென்று பேச்சு குறைந்தது. முகத்திலிருந்து எதிர்காலம் வடிந்தது. எதிரே பார்த்தார், பூட்டு, பூட்டின் மேல் மூன்று பச்சைப் பொட்டு. காருக்கு ஓடினார்.

மாலில் வியாழக்கிழமை அம்மாமார்களோடு நோலா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா ரஸ்ஸல், ஓட்டமா ஓடறே? அம்பத்தஞ்சுக்கு இன்னும் நாள் கெடக்கே!"

அவர் நிற்காமல் மாலின் கழிப்பறைக்குள் பாய்ந்தார். திரும்பி வரும்போது நிதானமாகக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்: 'நெடுஞ்சாலை மாலுடன் இணைப்பு: நான்காவது கட்டம்.' அவ்வளவுதான். பூட்டு இன்னும் தொங்குகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் இங்கே எனக்குக் கேட்கிறது. வாளி வைத்து எத்தனை மாதம் ஆகிறது? தெரியும், தெரியும்: சமையலறையையே இடித்து மாற்றப்போகிறீர்கள், இப்போது வாஷர் போட்டால் வீண். வரைபடம் வைத்திருக்கிறீர்களா? கொஞ்சம் விரியுங்கள், பார்க்கலாம்.