பைத் தடையும் என் மளிகைக் கடையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம், கடைதான் சௌக்கியமில்லை. அங்கே தாங்களும் மாப்பிள்ளையும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாவின் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. நேற்று மாலை நானே கண்ணால் பார்த்தேன், நல்ல சுறுசுறுப்பாக நடமாடுகிறார். அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். போனில் பேசினால் தாங்கள் “பாக்கலாம், பாக்கலாம்” என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். நேரில் வந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். சம்பந்தி வீட்டில் போய்க் கத்தினேன் என்று மகள் ஒரு வருஷத்துக்கு என்னோடு பேசமாட்டாள். அதனால் எழுத்து.

போன மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது தாங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்வதா வேண்டாமா என்று நகரமன்றம் முடிவெடுக்கப் போகிறது, தாங்களோ அதன் சுகாதாரக் குழுத் தலைவர். “தடை வர்றதுக்கு முன்னாடியே நம்ம குடும்பத்துக் கடை வழி காட்டணும் சம்பந்தி, அப்பதான் நான் மன்றத்துல நெஞ்சை நிமிர்த்திப் பேச முடியும்” என்றீர்கள். பெண்ணைக் கொடுத்த இடம். நானும் தலையை ஆட்டிவிட்டேன். மறுநாளே தாங்கள் கைகூப்பிச் சிரிக்கும் படத்தோடு ‘இங்கு பிளாஸ்டிக் பை தரப்படமாட்டாது’ என்று பலகை வந்து என் கல்லாவுக்கு மேலே ஏறிவிட்டது. தாங்கள் அங்கே சிரிக்கிறீர்கள், கீழே உட்கார்ந்து நான் திட்டு வாங்குகிறேன்.

முதலில் காகிதப் பை வாங்கிப் போட்டேன். ஓய்வு பெற்ற தபால்காரர், நம் கடைக்குப் பழைய வாடிக்கை, குளிர்ப்பெட்டியிலிருந்து பாலும் கூடவே முட்டையும் வாங்கிக்கொண்டு போனார். பால் உறை வேர்த்திருக்கிறது, அந்த ஈரத்தில் பையின் அடிப்பக்கம் ஊறியிருக்கிறது, நடுத்தெருவில் மொத்தமும் கீழே இறங்கிவிட்டது. மனிதர் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். “கைப்பிடி நல்ல கெட்டிங்க, அதைக் குறை சொல்ல மாட்டேன்” என்று கல்லா மேல் வைத்துவிட்டுப் போனார். இதிலே வேடிக்கை என்னவென்றால், பால் வருவதே பிளாஸ்டிக் உறையில். உப்பு, சோப்பு, பிஸ்கட் எல்லாமே பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டுதான் என் கடைக்குள்ளே நுழைகின்றன. அதையெல்லாம் தயாரிக்கிற பெரிய மனிதர்களை ஒரு வார்த்தை கேட்கமாட்டீர்கள். கடைசியில் கைப்பிடி வைத்த பையை நீட்டுகிற என் கையைத்தான் பிடிப்பீர்கள். இது என்ன நியாயம்?

சரி, காகிதம் வேண்டாம் என்று துணிப்பை தைத்தேன். கடைப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, இலவசமாகக் கொடுத்து, திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். போன பை போனதுதான். தையற்காரர் வீட்டு ஜன்னலுக்கு என் கடைப் பெயர் திரையாகத் தொங்குகிறது. மீதிப் பைகள் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் எதிர்க்கடையைப் பார்த்தேன். தாங்கள் அறிவீர்கள், எப்போது பார்த்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பாரே, அந்தச் சிரிப்புக்காரர் கடை. அங்கே வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் கையில் என் துணிப்பை. என் பெயரைச் சுமந்துகொண்டு அவர் கடையில் சாமான் வாங்குகிறார்கள். அவர் தெருவைத் தாண்டி வந்து என்னிடமே கேட்கிறார்: “அண்ணே, உங்க பை ரொம்ப உறுதிண்ணே. வேற இருந்தா குடுங்க, நம்ம கஸ்டமருக்குப் பத்தல.” எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் எடைக்கல் இல்லாமல் போனது அவருடைய நல்ல காலம்.

அதற்குப் பிறகுதான், அவரவர் வீட்டிலிருந்தே பாத்திரம் கொண்டுவரட்டும் என்று தாங்கள் யோசனை சொன்னீர்கள். சொல்வதற்கு என்ன, தராசு முன்னால் நிற்பது நான். ஒரு அம்மா சர்க்கரைக்கு குக்கர் கொண்டுவந்தார். வெறும் குக்கரை நிறுத்து, அந்த எடையைக் கழித்து, சர்க்கரை போட்டுக் கொடுத்தால், “மூடியக் கழிச்சீங்களா?” என்கிறார். “மூடி உங்க கையில இருக்குதும்மா” என்றேன். “கையில இருந்தா என்ன, அதுவும் இந்தக் குக்கரோடதுதானே, கழிங்க” என்கிறார். பின்னால் வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கிறது. இன்னொரு பையன் வெங்காயத்தை ஹெல்மெட்டில் கொட்டச் சொல்லி வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு போனான். முனையில் போலீஸ்காரர் பிடித்துத் தலை ஏன் காலி என்று கேட்க, “மளிகைக் கடைக்காரர் பை தரமாட்டேன்னுட்டார் சார்” என்று என்னைக் கை காட்டிவிட்டான். போலீஸ்காரர் கடைக்கு வந்துவிட்டார். வந்தவர் பலகையில் தங்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். தங்கள் படத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

இவ்வளவுக்கும் நடுவில், சில பேர் மட்டும் முகம் கோணாமல் வந்து சாமான் வாங்கிப் போகிறார்களே, கடையில் இன்னும் விசுவாசம் இருக்கிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஒருநாள் கல்லாவை விட்டு எழுந்து கடைக்குப் பின்னாலிருக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் போனால் அங்கே ஒரு தனி வியாபாரம் நடக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரி பிளாஸ்டிக் பைகளை மடித்து மடித்து ஒரு பெரிய பைக்குள் திணித்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறாள். முன்வாசலில் நான் இல்லை என்று சொல்ல, கொல்லை வாசலில் “இந்தாங்கக்கா, இது நல்லா தாங்கும்” என்று அவள் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். “என்னடி இது?” என்றால், “பலகையில கடையிலதானே தரமாட்டோம்னு போட்டிருக்கு, இது வீடு” என்கிறாள். தங்கள் மன்றத்தில் இவளைப் போல ஒரு வக்கீல் இருந்தால் ஒரு சட்டமும் நிற்காது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நேற்று நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. சம்பந்தியம்மா கடைக்கு வந்தார். கையை வீசிக்கொண்டு வந்தார். உருளைக்கிழங்கு, எண்ணெய், மாவு எல்லாம் நிறுத்து வைத்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “அண்ணா, உள்ள எங்கயாவது ஒரே ஒரு கவர் இருக்குமா?” என்றார். தாங்கள் மேலே இருந்து கைகூப்பிச் சிரிக்கிறீர்கள். நான் என்ன செய்ய? “அம்மா, உங்க வீட்டுக்காரர் பாத்துக்கிட்டிருக்காரே” என்றேன். அவர் பலகையை ஏறிட்டுப் பார்த்தார். “வீட்டுல இருக்கும்போதும் இப்படித்தான் மேல இருந்து பாத்துக்கிட்டே இருப்பார், ஒரு பையைத் தூக்க வரமாட்டார்” என்று சொல்லிவிட்டு, நிறுத்து வைத்த சாமானை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடையிலிருந்து இறங்கினார். இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்டிக் பை. சிரிப்புக்காரர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். அந்த நிமிஷத்தில் என் கடை வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் தெருவைத் தாண்டினார்கள். தலைவர் வீட்டம்மாவே அங்கே வாங்கினால் நமக்கு என்ன என்ற தைரியம்.

சம்பந்தி, நான் ஒன்றுமில்லாமல் வந்து, நடைபாதையில் சாக்கு விரித்துத் தொடங்கிய ஆள். எனக்கு வியாபாரம் தெரியும். ஜனங்கள் கெட்டவர்கள் இல்லை. கையை வீசிக்கொண்டு வந்து பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை எதிர்த்து நிற்கிற கடை மூடப்படும், வளைந்துகொடுக்கிற கடை பிழைக்கும். இன்னும் ஒரு மாதம் இப்படி வழி காட்டினால் நான் வழியிலேயே நிற்க வேண்டியதுதான். ஆகையால் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இந்தத் தடைப் பேச்சையே கைவிட்டுவிடுங்கள். ஊரில் பையைத் தவிர வேறு பிரச்சினையே இல்லையா? அன்றைக்கே பலகையையும் இறக்கிவிடுகிறேன். படத்தைத் துடைத்து மரியாதையாக அனுப்பி வைக்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் விட்டுப்போன உருளைக்கிழங்கு இன்னும் தனியாகத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். மனத்தாங்கல் எதுவும் இல்லை, எழுதியதைத் தவிர.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போன சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். தங்கள் ஆட்கள் வந்து முனையிலிருந்த சாக்கடை மூடியைத் தூக்கிக் கொக்கி போட்டு இழுத்தார்கள். வந்தது பாருங்கள் பிளாஸ்டிக் பை, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. முன்பெல்லாம் நான் கொடுத்த பையில் சிவப்பு மையில் கடைப் பெயர் அச்சடித்திருப்பேன். பத்து வருஷமானாலும் மை போகாது என்று அச்சகக்காரர் அப்போது சத்தியம் செய்தார், உண்மையான மனிதர். என் பெயர், அதன் கீழே ‘நன்றி, மீண்டும் வருக’. அத்தனையும் மீண்டும் வந்து என் கடை வாசலிலேயே குவிந்துவிட்டன. தெருவே நின்று வாசிக்கிறது. கொக்கி போட்டவர் என்னைப் பார்த்து, “எல்லாம் உங்களுதுதாண்ணே, உள்ள எடுத்து வச்சிரவா?” என்கிறார். குவியலில் பாதி எதிர்க்கடைக்காரர் பைதான், எனக்குத் தெரியும்; ஆனால் அவர் வெறும் வெள்ளைப் பை கொடுக்கிறவர். ஒன்றிலும் பெயர் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, “என்னண்ணே இப்படி ஆயிடுச்சு” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். தடையைக் கொண்டுவாருங்கள், வெள்ளிக்கிழமை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? பலகை அங்கேயே இருக்கட்டும். மன்றத்தில் யாராவது முரண்டு பிடித்தால் தடையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். பை கொடுக்கிற ஒவ்வொரு கடைக்காரரும் அதில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில், அழியாத மையில் அச்சடிக்க வேண்டும் என்று மட்டும் ஒரு சட்டம் போடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு தடை வேண்டும் என்று கேட்டு, எதிர்க்கடைக்காரரே தங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.