அன்னத்தின் மறுவீடு

அன்னம் சோறு தின்னவில்லை.

பெயர்தான் அன்னம். பால்சோற்றை வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு முனகியது. விளம்பரப் படத்தில் பஞ்சுப் பொதிபோல இருந்த லாப்ரடார் குட்டி, வாங்கி வந்த சில நாளிலேயே பிழிந்து போட்ட துணிபோல ஆகிவிட்டது.

"நீங்க பாட்டுக்கு ஆபீஸ் போறீங்க. இங்க புள்ள பட்டினி கெடக்கு" என்றாள் ஜெயசித்ரா.

குருமூர்த்தி ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஸ்டோர் கிளார்க். அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. காலில் லாரி ஏறினாலும், 'பரவால்லங்க, பாத்துப் போங்க' என்று டிரைவருக்கு வழி சொல்லி அனுப்பக்கூடியவர். அவர் யோசித்து, பாலில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்தார். குட்டி வாந்தி எடுத்தது.

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். வயிற்றுப்போக்கு வந்தது.

"கண்ணு பட்டிருக்கும். படத்த வாட்ஸ்அப்ல ஊருக்கே அனுப்புனியே" என்று குருமூர்த்தி சொல்ல, ஜெயசித்ரா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். வீடே இருமியது. எல்லாரையும்விட அதிகமாக இருமியது அன்னம்.

கடைசியில் அரியலூர் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் ஊசி போட்டார்.

"ரொம்ப சீக்கிரம் தாய்ட்டேர்ந்து பிரிச்சிட்டாங்க. பால்குடியே மறக்கல. இன்னும் ரெண்டு நாள் இப்படியே சாப்புடாம இருந்தா சொல்றதுக்கில்லங்க."

வீட்டுக்கு வந்ததும் ஜெயசித்ரா, குட்டியை விற்ற பெரம்பலூர்ப் பண்ணைக்குப் போன் போட்டாள். குருமூர்த்தி போட்டபோதெல்லாம் எடுக்கப்படாத போன் அது. இப்போது எடுத்தார்கள். ஒரு பெண் குரல், ரகசியம் பேசுவதுபோல.

"குட்டி சாப்புட மாட்டேங்குதுங்க."

"தெரியும்ங்க. அது ஏக்கம்."

"என்னங்க பண்றது?"

"தாயக் காட்டுனாத்தான் தீரும். நாளைக்கு வெள்ளிக்கெழம, மத்தியானமா வாங்க. வரும்போது பெரிய வண்டியா கொண்டாங்க." போன் அணைந்தது.

"யாரு பேசுனது?" என்றார் குருமூர்த்தி.

"பண்ணையோட டாக்டரம்மா போலருக்கு. எவ்வளவு பொறுமையான கொரலு!"

"பெரிய வண்டி எதுக்கு? இது கூடைக்குள்ள அடங்குற குட்டி. டி.வி.எஸ்.ல வச்சு கூட்டிட்டுப் போயிட்டு வரலாம்."

ஜெயசித்ரா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பொண்ணு மொதமொதல்ல தாய்வூட்டுக்குப் போறா. டி.வி.எஸ்.லயா போவா? மறுவீடுங்க இது. டாக்டரம்மாவுக்கே தெரியிது, உங்களுக்குத் தெரியல."

இப்படியாக மறுநாள் மதுரைவீரனின் குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. கல்யாண வீடுகளுக்கு நாற்காலி ஏற்றும் அந்த வண்டியிலிருந்து மதுரைவீரன் எட்டிப் பார்த்தான்.

"லோடு எங்க அண்ணே?"

ஜெயசித்ரா துண்டில் சுற்றிய அன்னத்தைக் காட்டினாள்.

"குட்டிக்குத்தான் குட்டியானையா! சரிதான்."

மறுவீடு என்றால் வெறுங்கையோடு போகக்கூடாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்பூரம், குங்குமம், மஞ்சள் நிறப் பெரிய துண்டு, மணி கோத்த புதுக் கழுத்துப்பட்டை, கோழிக்கறி பிசைந்த சோறு எல்லாம் இருந்தன. முன்னால் ஜெயசித்ராவும் அன்னமும். பின்னால் தாம்பாளமும் குருமூர்த்தியும். பெரம்பலூர் நெருங்குவதற்குள் பழம் பாதி அவர் சட்டையில் இருந்தது.

'ஸ்ரீ பைரவா உயர்ரக நாய்ப் பண்ணை' என்று பலகை. அதன் கீழே டைல்ஸ் ஒட்டிய பைரவர் சந்நிதி. சுவாமிக்கு வடைமாலை சாத்தியிருந்தது. அவர் பின்னால் நின்ற கல் நாய்க்குக்கூட ஒரு முழம் மல்லிகைப்பூ. ஜெயசித்ரா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எவ்வளவு பக்தி பாருங்க. இங்க வளந்த புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது."

பண்ணைக்காரர் ராஜராஜன் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். அவருக்குப் பின்னால், வீட்டு நிலைப்படியில், தலையில் முந்தானை போட்ட ஒரு பெண் தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"வித்த உருப்படிய திரும்ப எடுக்கிறதில்லைங்க" என்றார், குட்டியைப் பார்த்ததுமே.

"திருப்பித் தர வரலங்க. இதோட அம்மாவப் பாக்கணும். உங்க டாக்டரம்மாதான் வரச் சொன்னாங்க."

"எந்த டாக்டரம்மா? இந்தப் பண்ணைக்குள்ள டாக்டருன்னு ஒருத்தன் கால் வச்சதே இல்லையே!"

பெருமையாகச் சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று புரிந்ததும் இருமினார். "அதாவது... நோயே வராது. அப்படி வளக்குறோம். அனிதா! தண்ணி குடுத்துட்டு உள்ள போ."

அந்தப் பெண் தண்ணீரைக் கொடுத்தாள். அன்னத்தை ஒரு விரலால் தடவினாள். உள்ளே போய்விட்டாள்.

"எங்க வூட்டம்மா. அவ்வளவா பேசாது" என்றார் ராஜராஜன். "பண்ணையும் அப்படித்தான். பாருங்க, ஒரு கொரைப்புச் சத்தம் கேக்குதா? அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்."

உண்மைதான். நாய்ப் பண்ணையில் கோயில் மணி ஆடும் சத்தம்தான் கேட்டது. குருமூர்த்திக்கு அது என்னவோபோல் இருந்தது.

ராஜராஜன் உள்ளே போய், பளபளவென்று ஒரு பெரிய லாப்ரடாரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். "இதுதாங்க தாய். படத்துல பாத்தீங்கல்ல?"

ஜெயசித்ராவின் கண் நிறைந்துவிட்டது. "வாங்க சம்பந்தி" என்று அதன் நெற்றியில் குங்குமம் வைத்து, புதுக் கழுத்துப்பட்டையைக் கட்டி, தாம்பாளத்தை முன்னால் வைத்தாள். சம்பந்தி தாம்பாளத்தை முகர்ந்தது. பிறகு சந்நிதித் தூணோரம் போய் நின்று ஒரு காலைத் தூக்கியது.

மதுரைவீரன்தான் முதலில் கவனித்தான். "அண்ணே, அம்மா காலத் தூக்குறாங்க."

"அதனால என்ன?"

"அம்மா இல்லண்ணே. அப்பா."

ராஜராஜன் சளைக்கவில்லை. "அப்பாவப் பாத்தா என்ன, அம்மாவப் பாத்தா என்ன? ஒரே ரத்தம்தானே?" அவசரமாக அதைத் தூணில் கட்டிவிட்டு, இன்னொன்றைத் தூக்கி வந்தார். வெள்ளை வெளேரென்று, புசுபுசுவென்று, கைக்கு அடக்கமான பொமரேனியன்.

"இதுவா லாப்ரடார் பெத்துச்சு?" என்றார் குருமூர்த்தி.

"சித்தி முறைங்க. பக்கத்துக் கூண்டு."

"எங்க புள்ளைக்குச் சித்தி வேணாம்" என்றாள் ஜெயசித்ரா. "அம்மாவக் காட்டுங்க."

"அம்மா ஊர்ல இல்லைங்க!"

நாய் ஊருக்குப் போன கதையை மதுரைவீரன் ரசித்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அன்னம் ஜெயசித்ராவின் கையிலிருந்து நழுவியது. நிற்கவே தெம்பில்லாத குட்டி, வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடியது. "அங்க போகாதீங்க, கிருமி ஒட்டும்" என்று ராஜராஜன் கத்தினார். யார் கேட்டது? பின்னால் ஒரு தகரக் கதவு. பூட்டியிருக்கவேண்டிய கதவு, ஏனோ திறந்திருந்தது.

முன்பு கோழிப்பண்ணையாக இருந்த கொட்டகை அது. கோழிகளை விற்றவர் கூண்டுகளை விற்கவில்லை. அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் நாய். கீழேயும் கம்பிதான். மேல் கூண்டின் மூத்திரம் கீழ்க் கூண்டின் முதுகில் சொட்டியது. மண்ணை மிதிக்காத பாதங்கள் கம்பிக்கு இருபுறமும் பிளந்திருந்தன. நகங்கள் வளைந்து சதைக்குள் போயிருந்தன. மனிதரைக் கண்டதும் அவை குரைக்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் பின்னால் ஒடுங்கின. சத்தம் போட்டால் என்ன கிடைக்கும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. பழக்கி வைத்திருந்தார் அல்லவா?

முன்னால் கல் நாய்க்கு மல்லிகைப்பூ. பின்னால் உயிருள்ள நாய்க்கு ஒரு வாய்த் தண்ணீர் இல்லை.

மூலைக் கூண்டின் கீழே அன்னம் எம்பி எம்பி விழுந்துகொண்டிருந்தது. உள்ளே, எலும்பின்மேல் தோலைப் போர்த்திய ஒரு லாப்ரடார். காது ஓரமெல்லாம் புண். மடி மட்டும் அடிக்கம்பியைத் தொட்டுத் தொங்கியது. அது கம்பிக்குள் மூக்கை நுழைத்துக் குட்டியை நக்கியது.

ஜெயசித்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஓடிப்போய்த் தாம்பாளத்தை எடுத்து வந்து, ஒரு கவளம் சோற்றைக் கம்பிக்குள் நீட்டினாள். பசித்த நாய் பறித்து விழுங்கும் என்றுதான் நினைத்தாள். அது முகர்ந்தது, நாக்கில் எச்சில் சொட்டியது, ஆனாலும் மூக்காலேயே அந்தக் கவளத்தைத் தள்ளித் தள்ளிக் கம்பி இடுக்கு வழியாகக் குட்டியின் முன்னால் விழவைத்தது.

அன்னம் சோறு தின்றது.

"பாத்தீங்கல்ல, தின்னுடுச்சு. கெளம்புங்க" என்றார் ராஜராஜன். "இது ஈத்து ஓஞ்ச உருப்படி. இனிமே சினை புடிக்காது. அடுத்த வாரம் எங்கனாச்சும் ஏரிக்கரையில தள்ளி வுட்டுடலாம்னு இருக்கேன்."

உருப்படி. குருமூர்த்தி ஸ்டோர் கிளார்க். நட்டு, போல்ட்டு, சாக்கு எல்லாவற்றையும் உருப்படி என்று எண்ணுகிறவர். அவருக்கே அந்தச் சொல் நெஞ்சில் குத்தியது. காலில் லாரி ஏறினாலும் வராத கோபம், அன்றைக்கு வந்தது.

"யோவ்!" என்றார்.

அவர் மனைவியே திரும்பிப் பார்த்தாள். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

"பெத்தவளை உருப்படிங்கிற. பெத்து முடிச்சா ஏரிக்கரைங்கிற. நீயெல்லாம் எந்த வயித்துலேர்ந்துய்யா வந்த?"

"மரியாத, மரியாத! இது என் தொழிலு..."

குருமூர்த்தி தாம்பாளத்தில் இருந்த கற்பூரத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று சந்நிதிக்குப் போனார். கொளுத்திப் படியில் வைத்தார்.

"வாய்யா இங்க. இதுங்கள நல்லா வச்சிருக்கேன், பசிக்குச் சோறு போட்டேன், நோவுக்கு மருந்து பாத்தேன்னு பைரவர் மேல சத்தியம் பண்ணி இந்தக் கற்பூரத்தக் கையால அணை. நாங்க பேசாமப் போயிடுறோம்."

ராஜராஜன் சிரிக்கப் பார்த்தார். கையை நீட்டினார். கற்பூரம் நின்று எரிந்தது. வடைமாலைக்கு மேலே பைரவர் கண்ணை அகல விழித்துக்கொண்டிருந்தார். நீட்டிய கை தானாகவே பின்னால் போய் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டது. சட்டம், அதிகாரி, அபராதம் எதற்கும் அஞ்சாத மனிதர், நெருப்புக்கும் சாமிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

"அந்த ஒண்ணத் தூக்கிட்டுத் தொலைங்க" என்றார்.

"தொலையிறோம். தாய்வூட்டுச் சீரு" என்றாள் ஜெயசித்ரா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "மறுவீட்டுக்கு வந்த பொண்ண வெறுங்கையோட அனுப்பக்கூடாதுல்ல."

"மத்ததுக்கும் வருவோம்" என்றார் குருமூர்த்தி. "அதிகாரிங்களோட."

மதுரைவீரன் செல்போனைத் தூக்கிக் காட்டினான். "அத்தனையும் படம் புடிச்சிட்டேன் அண்ணே. சாமி கண்ணுல தப்பிச்சாலும் இதுல தப்பிக்க முடியாது."

ராஜராஜன் அவன்மேல் பாயப்போன அந்த நேரத்தில், தூணில் கட்டியிருந்த ஆண் நாய், குங்குமப் பொட்டும் மணிக் கழுத்துப்பட்டையுமாக ரோட்டை நோக்கிப் பறந்தது. "ஐயோ, என் சாம்பியன்! எவன்டா கயித்த அவுத்தது?" என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் பின்னாலேயே ஓடினார். மணிச் சத்தம் சோளக்காட்டுப் பக்கமாகத் தேய்ந்து போனது.

மூலைக் கூண்டின் பூட்டும் ஏனோ திறந்துதான் கிடந்தது. மூவருமாகத் தாய் நாயைத் தூக்கி வந்து, வழியில் மண்ணில் ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். அது நடக்கவில்லை. ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பூமி இப்படித்தான் இருக்குமா என்று கேட்பதுபோல் ஜெயசித்ராவை அண்ணாந்து பார்த்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு அதை மஞ்சள் துண்டில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். அன்னம் அதன் மடியில் முட்டிக்கொண்டு படுத்தது.

"இவ்வளவு பெரிய வண்டில இன்னும் எடம் கெடக்கு" என்றான் மதுரைவீரன், பின்கதவைச் சாத்தப் போனவன். "அந்த டாக்டரம்மா எதுக்குத்தான் இத எடுத்துட்டு வரச் சொன்னாங்களோ."

சாத்த வந்த கதவை ஒரு கை பிடித்தது. தலையில் முந்தானை போட்ட அந்தப் பெண், அனிதா. இடுப்பில் கூண்டுச் சாவிக்கொத்து. கையில் ஒரு துணிப்பை. அவள் ஏறி, தாய் நாயின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, போனில் கேட்ட அதே ரகசியக் குரலில் சொன்னாள்:

"கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னயும் அனுப்புனதில்லக்கா, தா.பழூர்ல எங்கம்மா வூட்டுல எறக்கி வுட்டுருங்க."