வீட்டிலேயே நோயாளி

அப்பாவின் நாடி நூற்று முப்பது துடித்தது.

டாக்டரம்மா மறுபடியும் எண்ணினாள். அதேதான். டாக்டரம்மா என்பது மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே வீட்டில் மகளுக்குச் சூட்டிய பட்டம். படிப்பென்னவோ இன்னும் இரண்டாம் வருடத்தில்தான் நொண்டிக்கொண்டிருந்தது. தொற்றுக்குப் பயந்து கல்லூரியை மூடிவிட்டதால் செய்முறைத் தேர்வு லேப்டாப்பில். நோயாளியை வீட்டிலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு. இதில் தோற்றால் ஒரு வருடம் போச்சு, ஜூனியர்களோடு உட்கார வேண்டும். பதற்றப்படாமல் இருப்பது எப்படி என்று கல்லூரி விடியற்காலையில் வகுப்பு வேறு நடத்தியது. வராதவர்களுக்கு அபராதம். பதற்றம் எப்படிப் போகும்?

"மேடம், பேஷண்டுக்கு நாடி ரொம்ப வேகமா இருக்கு."

"அப்படியா? மேற்கொண்டு பாரு," என்றார் திரையில் இருந்த பேராசிரியை.

தான் கல்லுக்குண்டாட்டம் இருப்பதாக அப்பா சொல்லிப் பார்த்தார். நோயாளி பேசக் கூடாது என்று அவரை அடக்கி, சோபாவில் படுக்க வைத்து மறுபடி பிடித்தாள். நூற்று நாற்பது. படுத்தால் குறைய வேண்டியது ஏறுகிறதே என்று, ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவைக் கூப்பிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்த அம்மாவுக்கு நூற்று ஐம்பது.

அப்புறம் கேட்பானேன்? ஒட்டுவாரொட்டியான அந்தத் தொற்று வீட்டுக்குள் வந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். அம்மா பாயை விரித்துப் படுத்து, பீரோ சாவி இருக்கும் இடத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அப்பா பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்கு ஃபோன் போட்டு, தப்பெல்லாம் தன் பேரில்தான் என்று அழுதார். மறுமுனையில் தம்பியும் அழுதார். எந்தத் தப்பு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஃபெயில் போட்டாலும் பரவால்ல மேடம். நான் ஆம்புலன்ஸ கூப்பிடணும். எங்கப்பா அம்மா எனக்கு வேணும்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கட்டைவிரலால நாடி பிடிச்சா நம்ம நாடிதாம்மா தெரியும். அவங்கள எழுப்பி விட்டுட்டு, நீ படு."